அமைச்சருக்கு அந்தத் துறை தெரிஞ்சிருக்க வேணுமா, வேண்டாமா?

உவர்மலை:
நேற்று இரவு நித்திரை வரேல்ல, அதுதான் இத எழுதுறன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க.

அப்பாவுக்கு ஸ்கேன் ஒண்டு எடுக்கச் சொல்லி கிளினிக்ல எழுதித் தந்தவங்க. ஆஸ்பத்திரிட பேர் போட விரும்பேல்ல, ஒரு அரச ஆஸ்பத்திரி எண்டு வையுங்க. மெஷின் இருக்கு. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிக் கிடக்கு. கதவில கையால எழுதி ஒட்டின கடதாசி, பழுது எண்டு. முதல் தரம் போகேக்க அந்த செலோடேப் வெள்ளையா இருந்தது, மூண்டாம் தரம் போகேக்க மஞ்சளாகி ஒரு பக்கம் கழண்டு தொங்குது. கேட்டா பார்ட் வரோணுமாம், கொழும்புக்கு எழுதியிருக்காம். கடைசியில கண்டிக்குத்தான் கொண்டு போனன். திருகோணமலையில இருந்து விடிய நாலு மணி பஸ், கந்தளாய், ஹபரண, தம்புள்ள எண்டு அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல. அப்பாவுக்கு 74 வயசு. சலம் போக பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லிக் கேக்க வெக்கப்பட்டு ஹபரண வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவர். அது எனக்கு மனசில இருந்து போகமாட்டன் எண்டுது.

அந்த பஸ்ஸில இருந்துதான் யோசிச்சன். ஸ்கேன் எடுக்கிற ஆளுக்குப் படிப்பு வேணும், மெஷின் திருத்துறவருக்குப் படிப்பு வேணும், அம்புலன்ஸ் ஓட்டுறவருக்கும் லைசன்ஸ் வேணும், எல்லாத்துக்கும் மேல இருந்து கையெழுத்து வைக்கிற அமைச்சருக்கு மட்டும் அந்தத் துறையப் பற்றி ஒண்டும் தெரியத் தேவையில்லையா? கொரோனா நேரம் அப்ப இருந்த சுகாதார அமைச்சர் நோய் போகும் எண்டு ஆத்தில பானை விட்டதையும் கொரோனாவுக்கு மருந்தெண்டு டிவிக்கு முன்னால பாணி குடிச்சதையும் நாங்க எல்லாரும் பாத்தனாங்கதானே. ஒரு டொக்டர் அந்தக் கதிரையில இருந்திருந்தா அப்பிடி நடந்திருக்குமா?

என்ட நிலைப்பாடு இதுதான். சுகாதாரத்துக்கு டொக்டர், விவசாயத்துக்கு விவசாயம் படிச்சவர், கல்விக்கு ஆசிரியர். சட்டமாவே போடோணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?

நிலாவெளிக்காரன்:
அண்ணா நூறு வீதம் சரி. எங்கட மீன்பிடிக்கு வாற ஆக்களப் பாத்தா தெரியும். விளக்கமா பிறகு எழுதுறன், வலை இழுக்கப் போகோணும்.

கிண்ணியா நானா:
தம்பி, முதல்ல உங்கட வாப்பாக்கு அல்லாஹ் சுகத்தக் குடுக்கட்டும். நீங்க சொல்லுற ஞாயம் விளங்குது, ஆனா நிபுணர் எண்ட சொல்லக் கேட்டா எனக்கு ரெண்டு விசயம் நெஞ்சில குத்துது, ரெண்டையும் சொல்லிப்போட்டுப் போறன்.

ஒண்டு வயல். தம்பலகாமத்துப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர். 2021 மே மாசம் இரசாயன உரம் இறக்கக்கூடாது எண்டு வர்த்தமானி வந்தது, அந்தப் பெரும்போகம் நாங்க யூரியா இல்லாமத்தான் விதைச்ச. முப்பது நாள்ல பயிர் கரும்பச்சையா நிக்கோணும், எங்கட வயல் எலுமிச்சம்பழ நிறத்தில நிண்டது. வரம்பில குந்தியிருந்து பாத்துக்கொண்டே இருந்தன், என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல. கதிர் வந்தது, கையில எடுத்து உரசி ஊதினா பாதி பதரா பறக்குது. ஏக்கருக்கு 28, 30 மூட்டை எடுத்த இடத்தில 13 மூட்டை. நவம்பர்ல தடைய எடுத்தாங்கதான், அதுக்குள்ள இங்க விதைப்பு முடிஞ்சு போச்சு, மறுகா கறுப்புச் சந்தையில 50 கிலோ பேக் நாப்பதாயிரம் வரைக்கும் சொன்ன நேரமும் வந்தது.

இதில நீங்க கவனிக்க வேண்டியது என்னெண்டா, நாட்டில விவசாய நிபுணர் இல்லாம இது நடக்கல்ல. பேராதனையில பேராசிரியர்மார் சொன்னாங்க, ஒரே போகத்தில இப்பிடி மாத்த ஏலாது, விளைச்சல் விழும் எண்டு. எழுத்தில குடுத்தாங்க. முடிவு வந்தது விவசாய அமைச்சிட மேசையில இருந்தும் இல்ல, அதுக்கும் மேல இருந்து. அமைச்சர் விவசாயத்தில டொக்டர் பட்டம் வாங்கினவரா இருந்திருந்தாலும் ஒண்டு வாய மூடிக்கொண்டு இருந்திருப்பார், இல்லாட்டி வீட்ட போயிருப்பார்.

ரெண்டாவது எழுதக் கை நடுங்குது. 2020ல கொரோனாவில மௌத்தான எங்கட முஸ்லிம் ஆக்களிட ஜனாஸாக்கள, உடல்கள, அடக்க விடாம எரிச்சாங்க. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் எண்டு தெளிவா சொல்லியிருந்தது. இங்க அதுக்குக் காட்டின காரணம் என்ன தெரியுமா, நிபுணர் குழு. நிலத்தடி நீரில வைரஸ் கலக்கும் எண்டு நிபுணர் குழு சொல்லுதாம். ஒவ்வொரு தரமும் கேட்டா அதே பதில், நாங்க முடிவெடுக்கல்ல, நிபுணர்தான் எண்டு. எங்கட ஊரில காய்ச்சல் வந்த வயசாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டுக்குள்ளயே படுத்துக் கிடந்தாங்க, சாகிறதுக்கில்ல, எரிக்கிறதுக்குப் பயந்து. 2021 பெப்ரவரி கடைசியிலதான் வர்த்தமானி மாறி, மார்ச்ல ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க. 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. ஒரு தகப்பன எரிச்ச பிள்ளைக்கு அந்த மன்னிப்பு எங்க போய்ச் சேரும்.

அதனால தம்பி, நிபுணர்ட பேச்சக் கேக்காததாலயும் நாங்க அழிஞ்சிருக்கம், நிபுணர்ட பேரச் சொல்லியும் எங்கள அழிச்சிருக்காங்க. படிச்ச ஆள அந்தக் கதிரையில இருத்தினா மட்டும் சரிவராது எண்டுதான் நான் சொல்லுறன்.

உவர்மலை:
நானா, வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத வரேல்ல. அந்த ரெண்டாவதப் பற்றி நான் யோசிக்கவே இல்ல. மற்ற ஆக்களும் சொல்லுங்க.

பழைய லிகிதர்:
நான் மாகாண நிர்வாகத்தில லிகிதரா 31 வருசம் இருந்து ஓய்வெடுத்த ஆள். எந்த அமைச்சு, எந்தக் காலம் எண்டு சொல்லமாட்டன், அவங்களிட பிள்ளைகள் இந்த ஊரிலதான் இருக்கிறாங்க. வெளியில நிண்டு பாக்கிற ஆக்களுக்கு ஒரு ஃபைல் எப்பிடிப் போகுதெண்டு தெரியாது, அத முதல்ல சொல்லுறன்.

கீழ விசயம் தெரிஞ்ச உத்தியோகத்தர் குறிப்பு எழுதுவார். அது பணிப்பாளரிட்டப் போகும், அங்கயிருந்து செயலாளர், அங்கயிருந்து அமைச்சர். ஒவ்வொரு படியிலயும் குறிப்பு சுருங்கும். கீழ மூண்டு பக்கமா கிளம்பினது அமைச்சர்ட மேசைக்குப் போகேக்க மூண்டு வரியாகி, "அனுமதிக்காக முன்வைக்கப்படுகிறது" எண்டு முடியும். அமைச்சர் பச்சை மையில கையெழுத்துப் போடுவார். அந்த மூண்டு பக்கத்தில, இந்த இடத்தில தண்ணி நிக்கும், கட்டிடம் கட்டக்கூடாது எண்டு ஒரு வரி இருந்திருக்கும். அது எந்தப் படியில விழுந்ததெண்டு பிறகு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாது.

எனக்கு மேல வந்த அமைச்சர்மாரில ரெண்டு பேர நல்லா நினைவிருக்கு. ஒருத்தர் அந்தத் துறையிலயே பட்டம் வச்சிருந்தவர். அவருக்கு எல்லாம் தெரியும். உத்தியோகத்தர் வாயத் திறக்க முதல் பதில் சொல்லுவார். ஆறு மாசத்தில என்ன நடந்தது, ஒருத்தரும் அவருக்கு எதிர்க் குறிப்பு எழுதுறத விட்டுட்டாங்க. "சேர் சொன்ன மாதிரி" எண்டு தொடங்கித்தான் ஃபைல் எழுதுவாங்க. அவர் படிச்சது இருபது வருசத்துக்கு முந்தி, துறை மாறிப்போச்சு, அத அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்ல.

மற்றவர் கடை வச்சிருந்தவர். சாதாரண தரத்துக்கு மேல படிக்கேல்ல. வந்த புதிசில நாங்களும் ஒரு மாதிரித்தான் பாத்தம். ஒரு நாள் பின்னேரம் ஆறு மணிக்கு மேல, எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டும் நிண்டன். தண்ணிப் பம்ப் வாங்குற ஃபைல். அவர் வாசிச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு முந்தி ஒரு பம்ப் இருந்திருக்கோணுமே, அது ஏன் பழுதானது?" எண்டார். எனக்குத் தெரியேல்ல. பழைய ஃபைல எடுக்கச் சொன்னார். எடுத்தா, அதுக்கு முந்தினதும் அதே கம்பனி, அதே பழுது, அதே ரெண்டு வருசம். கையெழுத்துப் போடேல்ல. அடுத்த நாள் அந்தப் பம்ப ஓட்டுற தொழிலாளியக் கூப்பிட்டு கதிரையில இருத்தித் தேத்தண்ணி குடுத்துக் கேட்டார். அந்த மனுசன் சொன்னார், ஐயா இது உப்புத் தண்ணிக்கு விட்ட பம்ப் இல்ல எண்டு.

31 வருசத்தில அந்தக் கட்டிடத்துக்குள்ள ஒரு தொழிலாளி அமைச்சர்ட அறையில கதிரையில இருந்தத நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

சட்டம் படிக்கிறவள்:
லிகிதர் ஐயா எழுதினத அப்பிடியே வச்சிருக்கோணும் போல இருக்கு. உவர்மலை அண்ணாக்கு ஒரு விசயம், சட்டமாப் போடோணும் எண்டீங்கதானே, எங்கட நாட்டில அது லேசில்ல.

எங்கட அரசியலமைப்பில அமைச்சர்மார பாராளுமன்ற உறுப்பினர்கள்ல இருந்துதான் எடுக்கோணும். அமெரிக்காவில மறுவளம், அங்க காங்கிரஸ்ல இருக்கிறவர் அமைச்சரா வர ஏலாது, வெளியில இருந்து ஆள் எடுத்து செனட் விசாரிச்சு அனுமதிக்கும். இங்க 225 பேர்ல 196 பேர் மாவட்டத்தில சனம் தெரிவு செய்யிறது, 29 பேர் தேசியப் பட்டியல், அது கட்சிக்குக் கிடைச்ச வாக்குக்குத் தக்கதா கட்சி நியமிக்கிறது. எங்கட திருகோணமலைக்கு 4. தேசியப் பட்டியல் வந்ததே தேர்தல் கேட்க விருப்பமில்லாத கெட்டிக்காரர் உள்ள வரட்டும் எண்டுதான் சொன்னாங்க, லக்ஷ்மன் கதிர்காமர் அந்த வழியாலதான் 1994ல வந்து வெளிவிவகார அமைச்சரானவர். ஆனா பிறகு தோத்த ஆக்களுக்குக் கதிரை குடுக்கிற பட்டியலா அது மாறினத 2015ல கண்டம். அந்த 29 இடத்த உண்மையாவே துறை தெரிஞ்ச ஆக்களுக்கு வச்சாலே அண்ணா கேக்கிறதில பாதி வரும்.

இன்னொண்டு ஒருத்தரும் கதைக்கிறதில்ல. 52ஆம் உறுப்புரைப்படி அமைச்சின் செயலாளர்தான் அமைச்சர்ட பணிப்பில திணைக்களங்கள மேற்பார்வை செய்யிறவர். அமைச்சருக்குத் தெரியாட்டியும் செயலாளருக்குத் தெரியும் எண்டு சொல்லுறாங்களே, அமைச்சரவை கலைஞ்சா அந்தச் செயலாளர்ட பதவியும் சேர்ந்து போகுது. புது ஆள ஜனாதிபதி நியமிப்பார். அப்ப அமைச்சரும் புதுசு, செயலாளரும் புதுசு, யார் யாருக்குச் சொல்லிக் குடுக்கிறது? எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாத் தெரியுது.

அமைச்சுகளப் பிரிக்கிற விதமும் இருக்கு. 19ஆம் திருத்தம் அமைச்சரவைய 30 எண்டு கட்டுப்படுத்தினது, ஆனா 2020ல அந்த 30க்குள்ள வராத இராஜாங்க அமைச்சு எண்டு பத்திக் துணிக்கு ஒண்டு, பிரம்பு பித்தளை மட்பாண்டத்துக்கு ஒண்டு எண்டு பிரிச்சாங்க. ஆளுக்குத் தக்கதா அமைச்ச வெட்டினா எந்தத் துறை அறிவ எதோட பொருத்துறது. 2018ல ஒரு ஃபீல்ட் மார்ஷலுக்கு, இராணுவத் தளபதியா இருந்தவருக்கு, வனஜீவராசிகள் அமைச்சு போச்சு. அவர் கெட்டிக்காரராவே இருக்கட்டும், ஒரு நாள் கூட யாராவது அந்தப் பொருத்தத்தப் பாத்தாங்களா?

வரலாறு மாஸ்டர்:
நல்ல விவாதம் பிள்ளையள். நானும் கொஞ்சம் சொல்லுறன், வகுப்பில மாதிரி நீண்டு போகும்.

1931ல டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது அரசாங்க சபையில, அதுதான் அப்பத்தய பாராளுமன்றம், 7 நிர்வாகக் குழுக்கள் இருந்தது, ஒவ்வொரு குழுவிட தலைவரும்தான் அமைச்சர். கல்விக் குழுவிட தலைவர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. தொழில் சட்டத்தரணி. அதுக்கு முந்தி கொஞ்சக் காலம் மாஸ்டராவும் படிப்பிச்சவர், அத விட்டுட்டுச் சொல்லக்கூடாது. 1947 வரைக்கும் அவர்தான் கல்வி அமைச்சர். பதினாறு வருசம் ஒரே துறை! 1943ல அறிக்கை, 1945ல இலவசக் கல்வி. நானும் நீங்களும் இத எழுத வாசிக்க அதுதான் காரணம். அந்தப் பதினாறு வருசத்தில அவர் துறையப் படிச்சார், எதிர்ப்பத் தாங்கினார், குழுவில இருந்த மற்ற ஆக்களோட சண்டை பிடிச்சுக் கதைச்சுத்தான் முடிவுக்கு வந்தவர். இண்டைக்கு ஒன்றரை வருசத்துக்கு ஒருக்கா மாத்துற அமைச்சர் என்னத்தப் படிக்கிறது. வரேக்க தெரிஞ்சிருக்கிறதவிட, இருந்து படிக்க விடுறது முக்கியம் எண்டு எனக்குப் படுது.

இங்கிலாந்தில இலவச வைத்தியத்த 1948 ஜூலை 5ல தொடக்கி வச்ச சுகாதார அமைச்சர் அனுரின் பெவன் 13 வயசில பள்ளிக்கூடத்த விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர். தமிழ்நாட்டில காமராஜர் எத்தனையாம் வகுப்பு எண்டு எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடமும் மதிய உணவும் அவர்ட பேரிலதான் நிக்குது, ஆனா பக்கத்தில நெ. து. சுந்தரவடிவேலு எண்ட கல்விப் பணிப்பாளர் இருந்தத மறக்கக்கூடாது. இந்தியாவில விவசாய அமைச்சரா இருந்த சி. சுப்பிரமணியம் விவசாய விஞ்ஞானி இல்ல, ஆனா விஞ்ஞானி சுவாமிநாதன் மாதிரி ஆக்கள் சொன்னத நம்பி 1966ல 18,000 தொன் மெக்சிக்கோ கோதுமை விதைய இறக்கினார். பிழைச்சிருந்தா அவர்ட அரசியல் அதோட முடிஞ்சிருக்கும்.

இனி எங்கட ஊர்க் கதை. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போற எல்லாரும் கோட்டை வாசலால போறம், இந்தக் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? 1965ல டட்லி சேனநாயக்க அரசாங்கத்தில தமிழரசுக் கட்சி சார்பில உள்ளூராட்சி அமைச்சரா இருந்தவர் மு. திருச்செல்வம். தேர்தலில வந்தவர் இல்ல, செனட்டர், அப்ப எங்கட நாட்டில இருந்த மேல்சபை உறுப்பினர். முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல், அரசாங்கத்திட மூத்த சட்ட அதிகாரி, அந்தக் காலத்தில அவரளவு சட்டமும் நிர்வாகமும் தெரிஞ்ச ஆக்கள் குறைவு. உவர்மலைத் தம்பி கேக்கிற மாதிரியான அமைச்சர் அவர்தான். கோணேசர் கோயில் சுற்றாடலப் புனித பிரதேசமாக்கலாமா எண்டு ஆராய ஒரு குழுவ நியமிச்சார். சட்டப்படி அவர்ட அதிகாரத்துக்குள்ள இருந்த விசயம். எதிர்ப்பு வந்தது, பிரதமர் குழுவ நிப்பாட்டச் சொன்னார். 1968ல திருச்செல்வம் பதவிய விட்டுட்டு வெளிய வந்தார். அறிவில என்ன குறை அவருக்கு? அந்தக் கதிரைக்குக் கீழ தரை இருக்கேல்ல.

எங்கட சனம் இத யோசிக்கோணும். கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பரோட முடிஞ்சது. முதலமைச்சரும் நாலு அமைச்சரும் இருக்க வேண்டிய இடம் வெறுமையா கிடக்கு. தெரிஞ்ச அமைச்சரா தெரியாத அமைச்சரா எண்டு நாங்க இஞ்ச விவாதிக்கிறம், எங்களுக்குக் கிட்டக் கேள்வி கேக்கக் கூடிய அமைச்சரே இல்ல.

நிலாவெளிக்காரன்:
இப்பதான் வந்தன். சொன்ன மாதிரி எழுதுறன்.

எங்கட கடலுக்கு ஒரு கணக்கு இருக்கு. வாடை தொடங்கினா நவம்பர், டிசம்பர், ஜனவரி கடல் கொதிக்கும், போட் எல்லாத்தையும் கரைக்கு ஏத்திப்போடுவம். தென்மேற்கால வாற கச்சான் காத்துக்கு எங்கட பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அப்ப சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து ஆக்களும் இஞ்ச வந்து வாடி, கரையில தங்குற ஓலைக் கொட்டில், போடுவாங்க, ஏனெண்டா அவங்கட கடல் அந்த நேரம் கொதிக்கும். இது எங்கட வீட்டில ஏழு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருசம் எங்களுக்கு உதவி எண்டு கூட்டம் வச்சு வலை குடுத்தாங்க, டிசம்பர்ல, போட் எல்லாம் கரையில கிடக்கேக்க. மேடையில ஒரு மணித்தியாலம் சிங்களத்தில பேச்சு, தமிழாக்கினவர் ரெண்டு நிமிசத்தில முடிச்சுப்போட்டார். வலையப் பிரிச்சுப் பாத்தா எங்கட மீனுக்குக் கண் அளவு சரியில்ல. விக்கவும் ஏலாது, பாவிக்கவும் ஏலாது. அந்த வலை இப்பவும் எங்கட வாடிக் கூரைக்கு மேல கட்டிக் கிடக்கு, காத்துக்கு ஓலை பறக்காம இருக்க.

நான் முதல்ல நூறு வீதம் சரி எண்டு எழுதினன். இப்ப மாஸ்டர், லிகிதர் ஐயா எழுதினதப் படிச்சுப்போட்டு யோசிக்கிறன், கடல் விஞ்ஞானம் படிச்ச ஒருத்தர் வந்திருந்தா அந்த வலை சரியா வந்திருக்குமா? மீன்ட விஞ்ஞானப் பேர் தெரியும், எங்கட கரை தெரியாது. எனக்கு வேண்டியது எங்கட பாஷையில எங்களோட கதைக்கக்கூடிய ஆள். தமிழ் அரச கரும மொழி எண்டு 87ல எழுதியாச்சு, ஆனா என்ட வலைட கண்ணப் பற்றிச் சொல்ல எனக்கு இடையில ஒரு ஆள் வேணும். எங்கட இடம் தெரியிறதும் ஒரு படிப்புத்தான், அத ஏன் தகுதியா எண்ணுறாங்க இல்ல?

கவுண்டர் நம்பர் 3:
நான் பேங்க்ல வேலை, சுருக்கமா சொல்லுறன். 2022 ஏப்ரல்ல நிதி அமைச்சரா வந்த அலி சப்ரி சட்டத்தரணி, அதுக்கு முந்தி நீதி அமைச்சர். அதே கிழமை மத்திய வங்கிக்கு ஆளுநரா நந்தலால் வீரசிங்க வந்தார், வாழ்க்கை முழுக்க அந்த வேலை பாத்தவர், பொறுப்பெடுத்த அடுத்த நாளே வட்டிய 7 வீதப் புள்ளியால ஏத்தினார். நாடு வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சது ஏப்ரல் 12. தெரிஞ்ச ஆள் தெரிஞ்ச இடத்தில இருந்தார், அமைச்சர் அவர்ட கையப் பிடிச்சுத் தடுக்கேல்ல.

ஆனா மறுபக்கம், நகை ஈடு வச்ச ஒரு அம்மா என்ட கவுண்டர்ல நிண்டு, "ஏன் மகன் வட்டி கூடினது, நான் என்ன பிழை செய்தனான்?" எண்டு அழுதா. அவவுக்கு இத விளங்கப்படுத்த ஒருத்தரும் இந்த ஊருக்கு வரேல்ல. வட்டியக் கூட்டுறது நிபுணர்ட வேலை, ஏனெண்டு சனத்துக்கு முன்னால நிண்டு சொல்லுறது அமைச்சர்ட வேலை. அந்த வேலைக்கு வேற தகுதி வேணும்.

படிச்சவர் வந்தா சரி எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. 1970ல நிதி அமைச்சரா வந்த என். எம். பெரேரா லண்டனில ரெண்டு கலாநிதிப் பட்டம் எடுத்தவர். 50, 100 ரூபா நோட்டுகள மாத்தச் சொன்னதும், பாண் கியூவும் அவர்ட காலத்திலதான். எண்ணெய் விலை ஏறினது அவர்ட பிழை இல்ல, அதையும் சொல்லோணும்.

உவர்மலை:
எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் முழுசா விட்டுக் குடுக்கமாட்டன். லிகிதர் ஐயா, அந்தக் கடைக்கார அமைச்சர் கேட்ட கேள்விய எல்லாராலயும் கேக்க ஏலாது. பம்ப் ஒண்டு வாங்கினா ரெண்டு வருசத்தில பழுதாகக்கூடாது எண்டு அவருக்குத் தெரிஞ்சது அவர் கடை வச்சிருந்ததால, சாமான் வாங்கி வித்ததால. அதுவும் ஒரு அறிவுதானே. பம்ப்புக்கு அது காணும். எம்ஆர்ஐ மெஷினுக்கு, மருந்துக்கு, அணைக்கட்டுக்கு அது காணுமா? ஒண்டும் தெரியாத ஆளுக்கு என்ன கேக்கிறதெண்டே தெரியாது, தெரியாதெண்டு காட்டிக்கொள்ள வெக்கத்தில கையெழுத்தப் போட்டிருவார். நான் அலுவலகத்தில அப்பிடிப் போட்டிருக்கிறன், அதால சொல்லுறன்.

நிலாவெளித் தம்பி சொன்னது சரி, இடம் தெரியிறதும் அறிவு. அப்ப அறிவு வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல, எந்த அறிவு எண்டதுதான் கேள்வி. என்ட அப்பாட ஸ்கேனுக்கு எந்த அறிவு இல்லாமப் போச்சு?

வார்ட் மிஸ்ஸி:
நான் 22 வருசமா நேர்ஸ், எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதீங்க. உவர்மலைத் தம்பிட கேள்விக்கு நான் சொல்லுறன், ஏனெண்டா அந்த மாதிரி பிளாஸ்டிக் கவர எத்தனையோ தரம் நானே துடைச்சிருக்கிறன்.

மெஷின் வாங்கேக்க மெஷின்ட விலையத்தான் எல்லாரும் பாப்பாங்க. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் சேர்விஸ் அக்ரிமென்டுக்கு தனிக் காசு வேணும். வாரண்டி முடியிற நாள் ஒரு ஆளுக்கும் ஞாபகம் இருக்காது. அறைக்கு ஏசி வேணும், ஏசி நிண்டா சூட்டில போர்ட் போகும், ஏசி திருத்துறது வேற பிரிவு, கரண்ட் வேற பிரிவு. பார்ட் கேட்டு எழுதினா கொழும்பில இருக்கிற பயோமெடிக்கல் பிரிவுக்குப் போய், விலை கேட்டு, கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டு, அதுக்குள்ள நிதியாண்டு முடிஞ்சிரும், காசு திரும்பிப் போகும், ஜனவரியில முதல்ல இருந்து. சில ஆஸ்பத்திரி மத்திய அமைச்சுக்குக் கீழ, சிலது மாகாணத்துக்குக் கீழ, கடிதம் எந்தக் கதவுக்குப் போகோணும் எண்டதிலயே ஒரு மாசம்.

இதில டொக்டர் படிப்பு எங்க உதவும் தம்பி? சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் எப்பவும் டொக்டர்தான், ஆஸ்பத்திரிப் பணிப்பாளரும் டொக்டர். டொக்டர் அறிவு இல்லாம ஒண்டும் குறையேல்ல. சாமான் வாங்குறது, கணக்கு, பராமரிப்பு, அதத் தெரிஞ்ச ஆக்களிட பேச்சு மேல போகேல்ல. அமைச்சரும் டொக்டரா வந்தா டொக்டர்மாரிட இடமாற்றம், ஓவர்டைம் எல்லாம் அவருக்கு வடிவா விளங்கும். அட்டெண்டன்ட்ட, லேப் ஆக்களிட, எங்கட கதை விளங்குமா எண்டு எனக்குப் பயமா இருக்கு. தன்ட ஆக்களுக்கு எதிரா ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தா எடுப்பாரா? 2024 நவம்பர்ல வந்த அமைச்சரவையில சுகாதாரம் ஒரு டொக்டருக்கும் கல்வி ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளருக்கும் போனது. நல்லாச் செய்யட்டும் எண்டு மனசாரக் கேக்கிறன், ஆனா பட்டத்தப் பாத்து நான் நிம்மதியா இருக்கமாட்டன்.

தம்பி, அப்பாவ அடுத்த முறை கொண்டு போகேக்க பஸ்ஸில ஏற முதல் டிரைவரிட்டச் சொல்லி வையுங்க, வயசான ஆள், ஒருக்கா நிப்பாட்டோணும் எண்டு. எல்லாரும் நிப்பாட்டுவாங்க. அவரக் கேக்க வைக்காதீங்க.

கிண்ணியா நானா:
மிஸ்ஸி, அந்தக் கடைசி வரி. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

தம்பி, தகுதி எண்டு ஒண்டு எழுதுறதெண்டா நான் இத எழுதுவன். நிபுணர் குழு என்ன சொல்லிச்சு, அதில யார் யார் இருந்தாங்க, யார் ஒத்துக்கொள்ளல்ல, எல்லாத்தையும் அமைச்சர் சனத்துக்குக் காட்டோணும், மூண்டு மொழியிலயும். எங்கட ஜனாஸா விசயத்தில அந்தக் குழுட அறிக்கைய முதல் மாசமே மேசையில வச்சிருந்தா, நிலத்தடி நீரப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் வந்து கேட்டிருப்பாங்க. ஒரு வருசம் போயிருக்காது.

சட்டம் படிக்கிறவள்:
நானா, அத இப்பவே கேக்க வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச நிறுவனம் எதுக்கும் போடலாம், தமிழிலயே போடலாம், காரணம் சொல்லத் தேவையில்ல. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். சொல்லாட்டி மேல்முறையீடு, அதுக்கும் மேல ஆணைக்குழு. உவர்மலை அண்ணா, ஸ்கேன் மெஷினுக்கு நீங்க போடலாமே?

உவர்மலை:
போடுறன். திங்கட்கிழமையே போடுறன். ஆனா என்ன எழுதுறதெண்டு தெரியேல்ல. மெஷின் ஏன் பழுது எண்டு எழுதினா தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு வரியில பதில் வரும்.

பழைய லிகிதர்:
ஓம், அப்பிடித்தான் வரும், நானே அப்பிடிப் பதில் எழுதியிருக்கிறன். நாள் கேளுங்க தம்பி, நாளுக்கு மழுப்ப ஏலாது. இப்பிடி எழுதுங்க: மெஷின் பழுதெண்டு முதல் அறிக்கை எழுதின திகதி. பார்ட் கேட்டு அனுப்பின ஒவ்வொரு கடிதத்திடயும் திகதி, யாருக்கு அனுப்பினது, பிரதி. அந்தக் கடிதங்களுக்கு வந்த பதில், பிரதி. சேர்விஸ் அக்ரிமென்ட் இருந்ததா, எப்ப முடிஞ்சது, புதுப்பிக்கச் சொல்லி யார் குறிப்பு எழுதினது. இதுக்கு முந்தி இதே மெஷின் எத்தனை தரம் பழுதானது, ஒவ்வொரு தரமும் என்ன பார்ட். கடைசிக் கேள்விய விட்டிராதீங்க.

வார்ட் மிஸ்ஸி:
மெஷின்ட சீரியல் நம்பரையும் எழுதுங்க. கவருக்கு மேல இருக்காது, பின்பக்கம் வயருக்குப் பக்கத்தில ஒரு சின்னத் தகடு இருக்கும். கிளினிக் நாள்ல போனா அங்க நிக்கிற பிள்ளையிட்ட பண்பாக் கேளுங்க, பாத்துச் சொல்லும். நம்பர் இல்லாட்டி வேற ஏதாவது மெஷின்ட கடிதத்த அனுப்பிப்போடுவாங்க.

உவர்மலை:
வியாழக்கிழமை கிளினிக். எடுத்துக்கொண்டு வாறன்.